வசவு சேர்க்கும் அந்தோனியம்மாள்

“ஏய் கருப்பி, எந்திரி. அடுத்த பஸ்ல போ.”

கூடத்தில் நூருன்னிசா திட்டிய திட்டு அடுக்களை வரை கேட்டது. காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அந்தோனியம்மாள் அசரவில்லை. “அவ்வளவு கோபமாப் படிக்காத நூரு. அவன் சாதாரணமாத்தான் சொன்னான். அதனாலதான் அந்தப் புள்ள அழுதுச்சு” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

அந்தோனியம்மாள் ஜூரோங் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கிளார்க், வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறு பூசை முடிந்தால் மற்றவர்கள் மார்க்கெட்டுக்குப் போவார்கள். இவள் யார் யாரை என்ன சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று விசாரிக்கப் போவாள். இனத்தையோ மதத்தையோ சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் விரட்டினாலும் ஓர் அட்டை. தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே. யாராவது ‘கொடூரமாக’ என்று சேர்த்தால் அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். “நம்ம அழக்கூடாது லா. வார்த்தை அது பாட்டுக்கு அழும்.”

தேவாலயத்தில் இவள், கோயிலில் பாக்கியலட்சுமி, பள்ளிவாசல் தையல் வகுப்பில் நூருன்னிசா. முதல் வருடம் மூவரும் தனித்தனி நோட்டில் எழுதினார்கள். ஒருவன் பஸ் நிறுத்தத்தில் வாங்கிய ஒரே அறை மூன்று அறையாகிவிட, பட்டியலைப் பார்த்த சமூக நல அதிகாரி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரே மாதிரி அட்டையும், மாதம் ஒருமுறை மூவரும் இவள் வீட்டில் கூடும் இந்த உரத்த வாசிப்பும்.

அன்று நூருன்னிசா கடைசி அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். “இது வேணாம்க்கா.”

காப்பியோடு கூடத்துக்கு வந்த அந்தோனியம்மாள் அதைப் புரட்டினாள். கேலாங்கில் அறை கேட்டுப் போன ரபியா என்ற பெண்ணிடம் வீட்டுக்காரர் சொன்னது: ‘உங்காளுங்க ஒருத்தி வந்தா ஒன்பது பேர் வருவீங்க. போம்மா.’ தெருவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: வீட்டுக்காரர், அந்தோனியம்மாளைப் படிக்கவைத்து ஆளாக்கிய அண்ணன் எட்மண்ட். சொல்லிவைத்தாற்போல் ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு அந்த நேரம் வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

அட்டையை எடுத்துவிட்டால் அடுத்த மாதம் நூருன்னிசா எதை நம்பி வருவாள்? எடுக்காவிட்டால் அண்ணன் இந்தப் படியேறுவாரா? கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, வாய்விட்டுப் படித்தாள்.

எட்மண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். “கூடப் பொறந்தவன் பேரையா எழுதுவே?”

“பேரு எழுதுறதில்லண்ணே. இடம் மட்டுந்தான்.”

“அந்தத் தெருவுல ரூம் விடுறது நான் ஒருத்தன்தான் லா.” சற்று யோசித்தார். “சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அதையும் எழுது.”

எழுதினாள்.

“இப்ப இன்னும் மோசமா இருக்கே, அண்ணே” என்றாள் பாக்கியலட்சுமி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அட்டையின் அடியில் ‘பிறகு நடந்தது’ என்ற கட்டம் காலியாக இருந்தது. எட்மண்ட் அதில் விரலை வைத்தார். “ரூம் குடுத்தாச்சுன்னு போடு.”

“குடுத்துட்டு வாங்க. போடுறேன்.”

மீதிக் காப்பியை அவர் நின்றுகொண்டே குடித்தார். “அந்தப் புள்ள இப்ப வீட்டுல இருக்குமா?” என்று நூருன்னிசாவிடம் கேட்டார். விலாசம் வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அவர் படியிறங்கும் ஓசை அடங்கும்வரை நின்றுவிட்டு, அந்தோனியம்மாள் கதவைச் சாத்தினாள். மற்ற அட்டைகளைப் பெட்டியில் அடுக்கினாள். அந்த ஒன்றை மட்டும் மேசைமேல் விட்டு, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.