வாய்ப்புண்ணுக்கு வாங்கிய மாத்திரை

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். போட்டு அனுப்பிய பிறகு வீட்டில் என்னென்ன வைத்தியம் நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. டாக்டர் சொன்னதோடு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் சேர்த்து விழுங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்ன நோய்

சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரத்துக்கு எங்களிடம் வந்தவள் கவிதா. கர்ப்பப்பைக்குப் போக வேண்டிய கரு, குழாயிலேயே தங்கிவிட்டது. இன்னொரு குழாயை முன்பே ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான். வெடிப்பதற்குள் ஊசி போட்டுக் கருவைக் கரைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மருந்து வாங்கப் போன அவள் கணவர் முருகன் முகம் வெளுத்துத் திரும்பினார். புற்றுநோய்க்கும் அதே மருந்துதான் என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்களாம். கவிதாவுக்குப் புற்றுநோய் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது புரியுது, சிஸ்டர். அத அந்தக் கடைக்காரர்கிட்டயும் ஒரு வார்த்த வந்து சொல்றீங்களா?"

வாய் வேறு, வயிறு வேறு

கர்ப்பத்துக்காகச் சாப்பிட்டுவந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை இந்த ஊசியின் வேலையைக் கெடுக்கும், நிறுத்திவிடு என்று சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹார்மோனின் அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. கவிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள். வாயெல்லாம் புண். ஊசியால் வந்தது அது. அவளோ உடம்புச்சூடு என்று நினைத்திருக்கிறாள். வாய்ப்புண் என்றால் நாமெல்லாம் செய்வதையே அவளும் செய்திருந்தாள், பி-காம்ப்ளக்ஸ் வாங்கித் தினமும் போட்டிருந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால், நிறுத்தச் சொன்ன ஃபோலிக் ஆசிட் அதிலும் இருக்கிறது.

அளவு இறங்காததற்கு அதுதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் மட்டும் உறுதியானது. "சொன்னேனே, கேக்கலையா?" என்றேன். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்: "நீங்க நிறுத்தச் சொன்னது வயித்துல இருந்ததுக்குக் குடுத்தது, சிஸ்டர். இது வாய்க்கு வாங்குனது."

பீரோவில் இருப்பது

இரண்டாவது ஊசி போட்டோம். புண் அதிகமாகி மோர்சாதம்கூட எரிந்தது. ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். குழாய் வெடித்துவிட்டது என்றே பயந்தேன். ஸ்கேனில் குழாய் பத்திரமாக இருந்தது, ரத்தத்தில் அளவும் இறங்கியிருந்தது. கரு கரையும்போது இப்படி வலிப்பதுண்டு என்று டாக்டர் சொன்னதும் முருகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கவிதா அழுதாள். பிழைத்ததற்கா, போனதற்கா என்று நான் கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "கர்ப்பத்துக்குக் குடுத்த அந்தப் பழைய மாத்திரையத் தூக்கிப் போடல, சிஸ்டர். பீரோவுல வச்சிருக்கேன். எப்பத் திரும்ப ஆரம்பிக்கலாம்?"

மாத்திரையை நிறுத்தச் சொல்லத்தான் நான் இத்தனை பாடுபட்டேன், இப்போது அதையே ஆரம்பிக்கச் சொல்லும் நாளுக்காக அவளைவிட நான்தான் அவசரப்படுகிறேன்.