என் மூக்கு வரை வராத கல்

தியேட்டர் வாசலில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறியதிலிருந்து வாய் ஓயாத ஆபரேட்டர், அதை மாட்டியதும் அடங்கிவிட்டான். 3டி விண்வெளிப் படம், பாறைகளுக்கு நடுவே சிக்கிய கப்பலை ஒருவன் ஓட்டி மீட்க வேண்டும்.

ஆபரேட்டரும் நானும் இரும்பு ஆலையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கிரேன் ஓட்டும் வேலைக்கு இருவருமே எழுதிப் போட்டோம். சிறு வயதிலிருந்தே என் இடது கண் மந்தம். தூரம் கணிக்க வராது என்று மருத்துவச் சோதனையில் கழித்துவிட்டார்கள். அவன் மேலே கேபினில் ஏறி உட்கார்ந்தான். நான் கீழே கொக்கியில் சங்கிலி மாட்டிவிட்டு, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டினேன். மூன்று வருடம் அவனை அண்ணாந்து பார்த்தே வயிறெரிந்தேன். கேன்டீனில் யாராவது அவனை 'ஆபரேட்டர்' என்று கூப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

படத்தில் ஒரு கட்டத்தில் சத்தமே நின்றுபோயிற்று. பாறைகள் வந்தன. அரங்கமே குனிந்தது. ஆபரேட்டர், கையில் இல்லாத லீவரைப் பின்னுக்கு இழுத்தான். எனக்கு மட்டும் எல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரித் தட்டையாகத் தெரிந்தது. கேபின்தான் கிடைக்கவில்லை, இதுவுமா என்று ஆத்திரம் வந்தது. அடுத்த பாறைக்கு நானும் 'அய்யோ' என்று குனிந்தேன்.

திரும்பும் ரயிலில் கேட்டான்.

"கல்லு மூக்காண்ட வந்துச்சே, பாத்தியா மச்சான்?"

"ஆமாடா, பயந்துட்டேன்."

"அப்போ உன் கண்ணு நல்லாயிடுச்சிடா. நீ குனிஞ்சத நான் பாத்துக்கினுதான் இருந்தேன். ரெண்டாவது கிரேனுக்கு ஆள் எடுக்கறாங்க. நாளைக்கே சார்கிட்ட சொல்றேன். ரெண்டு பேரும் மேலயே குந்திகினு கீழ இருக்கறவனுங்கள அதட்டலாம்."

பொன்னேரி தாண்டியும் பேச்சு நிற்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கேபின் கிடைத்தாலும் கிடைக்கும் என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் என் கண்ணை நம்பி இரும்புக்கு அடியில் ஒருவன் நிற்பான். அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கவரைப்பேட்டையில் சொல்லிவிட்டேன்.

"நடிச்சேன்டா. எனக்கு ஒண்ணுமே கிட்ட வர்ல."

"இன்னாடா இது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் வேலையே பறிபோனது போல அவன் முகம் செத்துவிட்டது.

இன்றும் அவன் மேலே, நான் கீழே. கேபின் மேலிருந்த பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்த ரயிலில் எனக்காக அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டான். மூன்று வருடத்தில் அவனுக்காக நான் ஒரு நாளும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அந்த மனசு அவனுக்கு மட்டும் எப்படி வருகிறது என்றுதான் இப்போது வயிறெரிகிறது.