ரமீஸ் நானாவுக்கு வெட்டிய கபுர்

இன்று கற்பிட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், நேற்று மௌத்தாகிப்போன ரமீஸ் நானா.

கரையொதுங்கிய ஓர் உடலை அவருடையது என்று நேற்று ஒரு ஃபேஸ்புக் செய்திப் பக்கம் அவர் போட்டோவோடு போட்டது. அவர் கடலுக்குப் போயிருந்ததால் எல்லோரும் நம்பினோம். அவர் இறந்துவிட்டதாகப் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜனாஸா வருவதற்குள் அடக்கம் செய்யக் கபுரும் வெட்டிவிட்டார்கள். அஸர் தொழுகை நேரத்துக்கு அவர் மீனோடு கரையில் வந்து இறங்கினார்.

"கபுரை மூடிட்டாங்களா நானா?" என்று கேட்டேன்.

"மூட வாணாம்ண்டு செல்லிட்டன் தம்பி. அந்த மையித்து யார்ட புள்ளையோ. அவருக்கு வேணுமே."

அந்தப் பக்கத்தில் இன்று "சாவை வென்று வந்த மீனவர்!" ஓடுகிறது. அதே போட்டோ. கரையொதுங்கியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவரை எந்த வீட்டில் தேடுகிறார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவசரமில்லை, நன்றாக விசாரித்துவிட்டே எழுதுங்கள். கபுர் திறந்துதான் இருக்கிறது.