புஷ்பவதி வைத்த நேர்த்தி

தர்சனுக்குப் பதினைந்து வயதில், காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு முடி கொட்டியது. தைப்பொங்கலுக்குள் அது ஐந்து இடமாயிற்று. அவர்களுடைய ஊரான கிளிவெட்டியில் அதற்குப் பெயர் புழுவெட்டு. முடியைத் தின்றது எதுவோ, அவனைத் தின்றது அந்தப் பெயர்தான். தலைக்குள் உண்மையாகவே புழு இருக்கிறதென்று நம்பி, வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரன் எழும்பிப் போனான்.

"டேய் புழு, குனியாதையடா. சோத்துக்குள்ள விழுந்திரும்!"

எல்லாரும் சிரிப்பார்கள். தர்சனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் கூடும்.

தாய் புஷ்பவதி சின்ன வெங்காயம் அரைத்துத் தேய்த்தாள். திருகோணமலைக் கிளினிக்கில் தலையில் ஊசி போட்டார்கள். "வளரும். வளர்ந்தது திரும்பக் கொட்டவும் கூடும்," என்றார் டொக்டர். தகப்பன் தவராசா வயலால் வந்து, "ஆம்பிளைப் பிள்ளைக்கு மயிர் போனா என்ன, உயிரே போகுது?" என்றார். அன்று அவன் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம், சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது, பஞ்சு போல முடி முளைத்தது. மெல்லக் கறுத்தது. சித்திரை வருசப்பிறப்புக்குச் சீப்புப் போட்டு இழுக்குமளவு வந்துவிட்டது. உயர்தரம் படிக்கத் திருகோணமலைக்குப் போவதென்று அவன் முடிவெடுத்தான். மாமி வீட்டில் இடமும் சொல்லியாயிற்று. அங்கே அவனைப் புழுவென்று கூப்பிட ஒருவருமில்லை.

வைகாசியில், அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கையில், புஷ்பவதி கதையெடுத்தாள்.

"தம்பி, ஒரு நேர்த்தி கிடக்கு. முடி வளர்ந்தா மொட்டையடிச்சு அம்மாளுக்கே தாறன் எண்டு நேர்ந்தனான்."

அவன் சீப்பைக் கீழே வைத்தான். "வளரவேணுமெண்டு கேட்டிட்டு, அதையே வழிச்சுத் தாறனெண்டு சொன்னனீங்களே? ஒரு காவடியைச் சொல்லியிருக்கலாமே அம்மா!"

"கேக்கிறதுக்குச் சமனாக் குடுக்கவேணுமெல்லே. எனக்கு வேற என்ன தெரியும்?"

"இப்ப ஏலாது. அடுத்த வருசம் பாப்பம்."

"இழுத்தடிச்சா, தந்ததை அம்மாள் திருப்பி எடுத்துப்போடுவா, அப்பன்."

அந்தச் சொல் அவனைப் பிடித்துக்கொண்டது. மாட்டேனென்று நின்று, பிறகு கொட்டிப்போனால்? குளிர்த்தியன்று காலை கோயில் கிணற்றடியில் போய்க் குந்தினான். கத்தி இறங்க இறங்க, மடியில் விழுந்ததை ஒரு கையால் பொத்திக்கொண்டான்.

"கையை விரி தம்பி. அது அம்மாளின்ர," என்றார் மொட்டையடித்தவர்.

ஆனியில் முடி திரும்ப முளைத்தது, பழைய ஐந்து இடங்களைத் தவிர. கறுப்புக்கு நடுவே அந்த வட்டங்கள் முன்னையிலும் வெளிறித் தெரிந்தன. ஆவணிக்குள் ஒன்றையொன்று தொட்டன. பிறகு புருவமும் போயிற்று. எப்போது வருகிறாய் என்று மாமி இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டாள். அவன் போகவில்லை. மொட்டையடித்ததால் வந்ததல்ல, அடிக்காவிட்டாலும் கொட்டியிருக்கும் என்றார் டொக்டர். தாய் நம்பவில்லை, நேர்த்தியில் ஏதோ குறை வந்துவிட்டது என்றாள். மகனும் டொக்டரை நம்பவில்லை, அந்தக் கத்திதான் கொண்டுபோனதென்று நினைத்தான்.

ஒரு பின்னேரம், விளக்கு வைத்துவிட்டு வந்து கேட்டாள்: "வேறொரு நேர்த்தி வைக்கட்டே, தம்பி?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"வையுங்கோ. என்ர தலையில மட்டும் வைக்காதேங்கோ. குடுக்க அதில ஒண்டுமில்லை."

எதை நேர்வதென்று தெரியாமல் புஷ்பவதி வாசலிலேயே நின்றாள். திருகோணமலையில் வகுப்புத் துவங்கி இரண்டு மாதமாகியிருந்தது.