அப்பா பாடிய முதல் வரி

அத்தை கல்யாணத்துக்கு அம்மா ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதியிருந்தாள். அதைப் பதிவு செய்து மண்டபத்தில் போடுவதாக முடிவானபோது, முதல் வரியை அண்ணன்தான் பாட வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அண்ணன் என்றால் என் அப்பா. அவருக்குத் திக்குவாய். தொடங்குவதில்தான் கஷ்டம், பாட்டில் ஏறிவிட்டால் தடங்கலே இருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவரால் முடியாமல் போனால் அந்த வரி எனக்கு வரும் என்ற நல்ல எண்ணத்தில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு மாமா வீட்டுக்குப் போனோம். மாமா அம்மாவின் தம்பி. படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக் வைத்துக்கொண்டு அதை ஸ்டுடியோ என்று சொல்லிவந்தார். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வாசல் கதவிடுக்கில் போர்வையைச் செருகினார். பாட்டுக்கு முன்னிசை கிடையாது. இசையும் அப்பாவின் குரலும் ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

ஹெட்போனில் இசை தொடங்கும். அப்பா வாயைத் திறப்பார். குரல் வராது. இசை அவரை விட்டுவிட்டுப் போய்விடும். ஏழெட்டு முறை இப்படியே ஆனது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. அம்மா அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடியும் கழுவினாள்.

கடைசியில் அப்பா ஹெட்போனைக் கழற்றினார். "பா... பா... பாப்பா பாடட்டும் மச்சான்."

நான் அதற்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "இருங்க மாமா, தப்பு என்னுது. எப்ப ஆரம்பிக்கணும்னே சொல்லாம பாடுங்கன்னா எப்புடிப் பாடுவீங்க?" என்றபடி, கம்ப்யூட்டரில் தாளம் தட்டும் மெட்ரோனோமிலிருந்து நாலு டிக் எடுத்துப் பாட்டுக்கு முன்னால் ஒட்டினார். "நாலு எண்ணுங்க, அடுத்தது நீங்க. அப்பறம் அத வெட்டிருவேன். யாருக்கும் தெரியாது."

அப்பா மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் விரல் தொடையில் நாலு முறை தட்டியது தெரிந்தது. உடனே குரல் வந்தது. முழு வரியும் வந்தது. அம்மா ஈரக்கையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். மாமா ஃபேனைப் போட்டதும் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். வரி போய்விட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த எனக்கும் அந்தக் காற்று நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சன்னலோரம், நான் நடுவில். எப்போதும் டிக்கெட் கேட்பது அம்மாதான். கண்டக்டர் வந்ததும் பர்ஸைத் திறந்தாள். அதற்குள் அப்பா முன்சீட்டுக் கம்பியில் விரலால் நாலு தட்டு தட்டி, "கடலூர், ரெண்டு ஃபுல்லு, ஒரு ஆஃப்" என்றார். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பாட்டு இன்னும் அப்பாவின் தலைக்குள் ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பர்ஸை மூடிவிட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சன்னலோரம் வேண்டும் என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை அவள் முகத்தைத் திருப்பவில்லை. வெறும் வயலை அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.