பிஸ்கட் டின்னில் அடைத்த கடலை மாவு

மாரியாயி பிஸ்கட் டின்னை நீட்டியபோது, கோச்சி, அதாவது ரயில், கொட்டகலை ஸ்டேஷனை விட்டிருக்கும் என்று மில் முதலாளி சத்தம் போட்டார். அவள் புருஷன் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனில் நிற்கிறான். இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானதும் இந்தியாவுக்கே போய்விடுவது என்று தீர்மானித்தவர்கள். அவள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"அண்ணே, பால் பத்தலங்க. பல்லும் மொளைக்கல. ஊரு போய்ச் சேர நாலஞ்சு நாளாகுமாம். கடலைய வறுத்து நல்லா நைஸா அரைச்சுக் குடுங்க, சுடுதண்ணியில கரைச்சு ஊத்திக்கிறேன்."

ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கீழே இருந்த அந்த அரவை மில்லில் எனக்கு வறுவலும் அரவையும்தான் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். இப்போது மில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. வறுவல்

பச்சைக் கடலையை அரைத்தால் மாவு இளமஞ்சளாக இருக்கும். தண்ணீர் விட்டால் பசை போலப் பிடிக்கும். பகோடாவுக்கு அதுதான் சரி. ஆனால் வேகாமல் வாயில் போட முடியாது. வறுத்த மாவு வேறு. தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், ஒட்டாது, கரைத்தவுடன் சாப்பிடலாம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அந்த மாவு கசக்கும், வயிற்றையும் வலிக்கும். அதனால் மணலில் இளந்தீயில் வறுத்து, ஒன்றிரண்டைக் கடித்து உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். எனக்குப் பயம் அதிகம். பத்துப் பதினைந்து கடலையாவது உடைப்பேன். அன்றைக்கும் உடைத்தேன். வறுவலில் குறையில்லை.

2. அரவை

வறுத்த கடலை நன்றாக ஆறிய பிறகுதான் மில்லில் போட வேண்டும். அன்றைக்கு நான் கடலைத் தோலை முறத்தில் புடைத்துத் தள்ளிய கையோடு, சூட்டோடு கொட்டினேன். நைஸாக விழ வேண்டும் என்று கல்லையும் இறுக்கினேன். இறுக்கினால் கல் சூடாகும். கடலைச் சூடும் கல் சூடும் சேர்ந்துகொண்டன. விழுந்த மாவில் கையை விட்டேன். கொதித்தது. வெளியே மழை, மில்லுக்குள் மூடுபனி.

முதலாளி சிரித்தார். "என்னடா தொட்டுத் தொட்டுப் பாக்குற? மாவுக்குக் காய்ச்சலா? அள்ளிப் போடுடா, கோச்சி வந்துரும்!"

"ஆமாண்ணே, சீக்கிரம்" என்றாள் மாரியாயியும்.

சூட்டு மாவை அடைத்தால் வேர்க்கும் என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு போ, கோச்சியில் ஆறட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அற்பக் காரியத்துக்கெல்லாம் பத்துத் தடவை சொல்கிறவன், அன்றைக்கு முதலாளி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். டின் மூடியை அழுத்தி இறுக்கியதும் நான்தான்.

3. காயிதம்

மூன்று மாதம் கழித்து மாரியாயியின் அண்ணன் ராமையா நோர்வூட் பக்கத்திலிருந்து மல்லி அரைக்க வந்தார்.

"தங்கச்சி காயிதம் போட்டிருக்குங்க. தலைமன்னார்ல கப்பலேறுறப்ப டின்ன தொறந்தா மூடியில தண்ணியா நின்னுச்சாம். ஊரு போறதுக்குள்ள மாவு கட்டிகட்டியா, பூசண வாடை. மேலாப்புல உள்ளதைக் கொட்டிட்டு அடியில உள்ளதைக் கரைச்சுக் குடுத்திருக்கு. வேற என்ன செய்யும்?"

"புள்ள எப்படிங்க இருக்கு?"

"அத எழுதல. நல்லாத்தான் இருக்கும்."

அடுத்த மாதம் கேட்டேன். அதற்கடுத்த மாதமும் கேட்டேன். காயிதம் வரவில்லை என்றார். கடைசியாகக் கேட்டபோது மல்லிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "விடு தம்பி" என்றார். நானும் பிறகு கேட்கவில்லை.

அதன்பின் எங்கள் மில்லில் வறுத்த மாவை வெள்ளைத் துணியில் பரப்பி, கைக்குச் சில்லென்று ஆகும்வரை யாருக்கும் கொடுத்ததில்லை. ஒருமுறை கைப்பிள்ளைக்கென்று மாவு வாங்க வந்த அம்மா ஒருத்திக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

"நீயெல்லாம் மனுசனாடா? மழையில புள்ளையத் தூக்கிக்கிட்டு நான் நடக்கணுமா?" என்று மாவு ஆறும்வரை வைது தீர்த்தாள்.

நான் குனிந்துகொண்டு மாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாரியாயியிடம் அன்றைக்கு நான் வாங்கியிருக்க வேண்டிய ஏச்சு அது.