காதில் பஞ்சு வைத்த கல்யாணப் பெண்

போன வாரம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். பெண் வீடு எனக்கு அடுத்த வீடு. ஆகவே இந்த வாரப் பத்தியைப் பாதிக் காதோடு எழுதுகிறேன்... மீதிக் காது இன்னும் திரும்பி வரவில்லை.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் காதின் கதை தெரியும். பக்கத்து அறையில் தட்டு விழுந்தால் இங்கே எனக்குத் தூக்கிவாரிப் போடும். சந்தை நாளில் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவேன். ஊரில் எனக்குப் பெயரே பஞ்சு ஐயா. இருக்கட்டும்.

அடுத்த வீட்டு மாதப்பன் தம் மகள் செல்லம்மாவை மாரண்டஹள்ளியில் கொடுக்கிறார். ஒரே மகள். சும்மா விடுவாரா? சேலத்திலிருந்து ஒலிபெருக்கி வரவழைத்துவிட்டார். எங்கள் ஊருக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை. மின்சாரப் பாட்டு வந்துவிட்டது — பாட்டரிப் பெட்டியோடு, பஸ்ஸின் தலைமேல் ஏறி!

புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினார்கள். அதிலும் ஒரு முறை உண்டு, தெரியுமா? குழாயின் வாய் எந்த வீட்டைப் பார்க்கிறதோ, அந்த வீட்டுக்கு மரியாதை. சம்பந்தி வீட்டார் இறங்கியிருந்த ஜாகைக்கு ஒரு குழாய். இன்னொன்று என் வீட்டுக்கு!

"உங்களுக்கு இல்லாத மரியாதையாங்க?" என்றார் மாதப்பன், பல்லெல்லாம் தெரிய.

திருப்பிக் கட்டச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிடும். பேசாமல் பஞ்சை இரட்டிப்பாக்கிக்கொண்டேன்.

நாதஸ்வரக்காரரும் சத்தமாகத்தான் வாசிக்கிறார். ஆனால் அவர் மூச்சு விடுவார், வெற்றிலை போடுவார், காப்பிக்குப் போவார். அந்த இடைவெளியில் நம் காதும் கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளும். குழாய்க்கு மூச்சும் இல்லை, வெற்றிலையும் இல்லை. பாட்டு முடிந்த பிறகும் 'ம்ம்ம்...' என்று ஓர் உறுமல். பாடுகிறவர் குரல் என்னவோ நல்ல குரல்தான். அதைக் கம்பி வழியாக இழுத்து, தகரத்தில் அடைத்து, நம் தலையில் கொட்டினால்? தாடை வலிக்கிறது. நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுகிறார்கள்.

இது என் ஒருவன் தலையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணத்தன்று காலையில், எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் செல்லம்மா வந்து நின்றாள். கூறைப் புடவை, தலை நிறையப் பூ, கண் நிறையத் தண்ணீர்.

"மாமா, கொஞ்சம் பஞ்சு குடுங்க. பாட்டு காதுல கேக்கல மாமா... பல்லுல கேக்குது. இப்படியே போனா மணவறையில வாந்தி எடுத்துருவேன்."

அடடா, நம்ம கட்சி! சுத்தமான பஞ்சாகப் பார்த்துக் கொடுத்தேன். காதில் வைத்துப் பூவைச் சற்று இழுத்துவிட்டாள். வெளியே தெரியவில்லை.

அங்கேதான் வந்தது வினை.

மாப்பிள்ளையின் தாயார் பெண்ணின் அறைக்குப் போய் ஏதோ கேட்டாராம். பதில் இல்லை. மறுபடி கேட்டாராம். பெண் சிரித்துத் தலையாட்டியதாம். அம்மாள் வெளியே வந்து, தன் தங்கையிடம் ரகசியம் சொன்னார். குழாயின் கீழே ரகசியம் சொல்ல முடியுமா? கத்தித்தான் சொன்னார். அந்த நேரம் பார்த்து ரிக்கார்டு முடிந்து தொலைத்தது.

"பொண்ணுக்குக் காது கேக்கலடீ! செவிட்டுப் பொண்ணை நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க!"

பந்தல் முழுக்கக் கேட்டது. அடுத்த ரிக்கார்டு தொடங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாதப்பன் முகத்தில் ஈயாடவில்லை. முகூர்த்த நாளில் 'செவிடு' என்று விட்டுவிட்டுப் போனால், அந்தப் பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்? பழி எனக்குத்தான். பஞ்சு என்னுடையதல்லவா!

சம்பந்தியம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "காது கேக்காம இல்லீங்கம்மா, ரொம்பக் கேக்குதுங்க! சத்தம் தாங்காமத்தான் பஞ்சு வெச்சிருக்குது!"

"நல்லாக் கதை விடறீங்க," என்றார் அம்மாள். "இத்தனை பேரு பாட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கறோம். எங்களுக்கெல்லாம் காது இல்லீங்களா?"

பார்த்தீர்களா நியாயத்தை? சத்தம் தாங்காதவள் செவிடு, செவிடாகிப்போனவர்கள் ரசிகர்கள்!

"குழாயை நிறுத்துங்க. நீங்களே பேசிப் பாருங்க," என்றேன்.

மாதப்பன் பதறினார். "ஐயோ, வேண்டாங்க! கல்யாண வூட்ல குழாய் நின்னா அபசகுனங்க!"

இந்த ஊருக்குக் குழாய் வந்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் சாஸ்திரம் பிறந்துவிட்டது! எனக்கு வந்த கோபத்தில், "மாப்பிள்ளை திரும்பிப் போறது நல்ல சகுனமா?" என்று கத்திவிட்டு மிஷின்காரரிடம் போனேன். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை — தொழில் அப்படி. ரிக்கார்டு மேலிருந்து ஊசியை நானே தூக்கினேன். மிஷினின் உறுமலையும் அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

பாட்டு நின்றது. ஆனால் பந்தலில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. பழையபடி கத்திக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒவ்வொருவராக வெட்கப்பட்டு வாயை மூடினார்கள்.

அறைக்குள் செல்லம்மா பஞ்சை எடுத்தாள். சம்பந்தியம்மாள் பந்தலின் அந்தக் கோடிக்குப் போய், தன் தங்கையிடம் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே — என் காதுக்கே — சரியாக விழவில்லை.

அறைக்குள்ளிருந்து பதில் வந்தது, தெளிவாக.

"மூக்கு சப்பைதாங்க அத்தை. எங்கப்பா மூக்கு. ஆனா காது நல்லாருக்குங்க."

பந்தல் கொல்லென்று சிரித்தது. மாதப்பன் தம் மூக்கைத் தடவிக்கொண்டே அழுதார். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை, "இனிமே குழாய் வேணாங்க, மேளம் போதும்" என்றார். தங்கமான பையன்! மூட்டைகள் அவிழ்ந்தன, தாலி ஏறியது. வெகுகாலத்துக்குப் பிறகு, பஞ்சில்லாமல் கெட்டிமேளம் கேட்டேன். நடுவில் நாதஸ்வரக்காரர் மூச்சு விட்டாரே... அதுவும் எவ்வளவு சுகம்!

பந்தி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் என்னை வேலியோரமாகக் கூப்பிட்டார். மருமகள் இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வாயைக் கையால் மறைத்து, மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு குரலில் கேட்டார்.

"ஏங்க, இனிமே எங்கூட்ல யாரும் வாயைத் தொறக்க முடியாது போலிருக்குதே... அந்தக் குழாயை மாச வாடகைக்கு விடுவாங்களா?"

வண்டிக்குள் செல்லம்மா சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.